வெளிநாட்டு ஏர்லைன்ஸ் வேலை: 210 மணி நேரத்துக்கு யார் விசா தருவார்கள்?

கேள்வி: எனக்கு வயது 25. ஊர் திருச்சி பக்கம். தென்னாப்பிரிக்காவில் விமானம் ஓட்டக் கற்று, இந்தியா திரும்பி டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து ஆணையம்) கமர்ஷியல் லைசென்ஸாக மாற்றிக்கொண்டேன். மொத்தம் 210 மணி நேரம் பறந்திருக்கிறேன். ஒன்றரை வருடமாக வேலை இல்லை. சென்னையில் ஒரு ஏஜென்சி, 48 லட்சம் கட்டினால் ஏ320 டைப் ரேட்டிங்கும் (அந்த வகை ஜெட்டை ஓட்டுவதற்கான தனித் தகுதி), தென்கிழக்கு ஆசிய ஏர்லைன்ஸ் ஒன்றில் 500 மணி நேரமும் வாங்கித் தருவோம், அதன்பின் வளைகுடாவில் வேலை உறுதி என்கிறது. முன்பணமாக ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டோம். மீதிக்குத் தோட்டத்தை அடமானம் வைக்க அப்பா தயாராக இருக்கிறார். துபாயில் இருக்கும் சித்தப்பா மகனோ, "ஐரோப்பிய லைசென்ஸ் எடு, அதுதான் எங்கேயும் செல்லும்" என்கிறான். என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில் (உள்நாட்டு ஏர்லைன்ஸில் தொடங்கி, இப்போது வளைகுடாவில் கேப்டனாக இருப்பவர் எழுதுகிறார்):

தம்பி, தோட்டத்து விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அடமானம் வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

வெளிநாட்டு ஏர்லைன்ஸ் வேலை என்றதும் நம் பையன்கள் லைசென்ஸ், டைப் ரேட்டிங், இன்டர்வியூ என்று கணக்குப் போடுகிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கதவு இருக்கிறது. அது அந்த நாட்டு அரசு தரும் வேலை அனுமதி. "இந்த வேலைக்கு எங்கள் ஊரில் ஆள் கிடைக்கவில்லை" என்று ஒரு நாடு ஒப்புக்கொண்டால்தான் பொதுவாக வெளியாளுக்கு அனுமதி கொடுக்கும். இப்போது யோசியுங்கள். வியட்நாமிலோ இந்தோனேசியாவிலோ பிரான்சிலோ 200 மணி நேரம் பறந்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் உள்ளூர்ப் பையன் இல்லாமலா இருப்பான்? எல்லா நாட்டிலும் இருக்கிறான். அவன் அப்பாவும் கடன் வாங்கித்தான் படிக்க வைத்திருப்பார். அவனை விட்டுவிட்டு உங்களை எடுக்க அந்த அரசுக்கு என்ன அவசியம்?

நம் நாட்டையே பாருங்கள். 2000களின் நடுவில் புதிது புதிதாக ஏர்லைன்ஸ்கள் முளைத்து விமானங்கள் வேகமாக வந்து இறங்கியபோது, இந்தியாவும் வெளிநாட்டு பைலட்டுகளைக் கொண்டுவந்தது. அவர்களுக்குத் தற்காலிக அனுமதி ஒன்று உண்டு, ஃபாட்டா என்போம். அதில் வந்தவர்களில் பெரும்பாலானோர் கேப்டன்கள். இங்கே பற்றாக்குறை அந்த இருக்கையில்தான் இருந்தது. அப்போதும் வெளிநாட்டவரை எந்தத் தேதிக்குள் அனுப்பிவைப்பது என்று அரசு கெடு வைத்தது, பிறகு நீட்டித்தது, மறுபடி நீட்டித்தது. பத்திரிகையில் "பைலட் பற்றாக்குறை" என்று படிக்கும்போதெல்லாம் மனதுக்குள் "கேப்டன் பற்றாக்குறை" என்று மாற்றிப் படியுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது லைசென்ஸ். 1944இல் போட்ட சிகாகோ உடன்படிக்கையின் 32ஆம் பிரிவுதான் இதற்கெல்லாம் அடிப்படை. ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ, அந்த நாடு கொடுத்த லைசென்ஸோ, அந்த நாடு ஏற்றுக்கொண்ட லைசென்ஸோ இருந்தால்தான் சர்வதேசப் பயணத்தில் அதை ஓட்டலாம். டிஜிசிஏ லைசென்ஸை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேறு நாட்டு விமானத்தில் ஏறப் பார்ப்பது, நம் ஊர் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு ஷார்ஜாவில் அரிசி வாங்கப் போவது போலத்தான்.

ஏற்றுக்கொள்வதில் இரண்டு விதம். ஒன்று வேலிடேஷன்: உங்கள் இந்திய லைசென்ஸின் பேரில் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும் அனுமதி. மற்றது கன்வெர்ஷன்: தேர்வு, பறத்தல் சோதனை, மருத்துவம் எல்லாம் முடித்து அந்த நாட்டு லைசென்ஸையே வாங்குவது. வளைகுடாவில் பெரிய நிறுவனங்கள் வேலைக்கு எடுத்த பிறகு இந்த வேலையைத் தாங்களே நடத்திக்கொடுக்கும். எந்த வழியானாலும் அந்த நாட்டு ஆணையம் டிஜிசிஏவுக்கு எழுதி, "இந்த லைசென்ஸ் உங்களுடையதுதானா" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளும்.

அந்தக் கடிதத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2020 ஜூனில் பாகிஸ்தான் விமானப் போக்குவரத்து அமைச்சர் நாடாளுமன்றத்திலேயே, தங்கள் பைலட்டுகளில் 262 பேரின் லைசென்ஸ் சந்தேகத்துக்குரியது என்றார். அடுத்த சில நாட்களில் வியட்நாம் தன்னிடம் பறந்துகொண்டிருந்த பாகிஸ்தான் பைலட்டுகளை நிறுத்திவைத்தது. மற்ற நாடுகளும் ஒவ்வொருவர் காகிதத்தையும் தோண்ட ஆரம்பித்தன. பாகிஸ்தானின் அரசு ஏர்லைன்ஸுக்கு ஐரோப்பா போட்ட தடை 2024 நவம்பரில்தான் நீங்கியது. விசாரித்துப் பார்த்தபோது, வெளிநாட்டில் வேலை பார்த்த பலருடைய லைசென்ஸ் அசல்தான். ஆனால் அதற்குள் அவர்கள் எத்தனை மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்! நாமும் சிரிக்க முடியாது. 2011இல் போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து லைசென்ஸ் வாங்கியவர்கள் இங்கேயும் பிடிபட்டார்கள். ஆகவே உங்கள் லாக்புக்கில் (பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் ஏடு) பறக்காத ஒரு மணி நேரம்கூட இருக்கக்கூடாது. பேனாவால் பறந்த மணி நேரம் பதினைந்து வருடம் கழித்துக்கூடக் கண்டுபிடிக்கப்படும்.

இப்போது ஏஜென்சி கணக்குக்கு வருவோம். ஏ320 டைப் ரேட்டிங்குக்கு இன்றைக்குச் சந்தையில் சுமார் பதினைந்து முதல் இருபது லட்சம் ஆகிறது. 48இல் அது போக மீதி எதற்கு? ஒரு ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை பைலட், உட்கார வேண்டிய இருக்கையை 500 மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுப்பதற்கு. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலையைப் பணம் கட்டிச் செய்வது. ஐரோப்பாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இது பல வருடம் நடந்திருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் யாருக்கும் பிடிக்காத விஷயம். 500 மணி நேரம் முடிந்ததும் உங்களை வைத்துக்கொள்ள அந்த நிறுவனத்துக்கு எந்தக் காரணமும் இல்லை. அடுத்து பணம் கட்டியவன் வாசலில் நிற்பான். உங்களுக்குச் சம்பளம் கொடுப்பதா, அவனிடம் பணம் வாங்குவதா என்றால் எதைச் செய்வார்கள்?

இதுவாவது நிஜமாக நடந்தால். அந்த நாட்டு ஆணையம் உங்கள் லைசென்ஸை ஏற்றுக்கொண்டதற்கான காகிதம் இல்லாமல் நீங்கள் அங்கே பறக்க முடியாது. காகிதம் இல்லையென்றால் உங்களை காக்பிட்டின் பின்னால் இருக்கும் ஜம்ப் சீட்டில் உட்கார வைப்பார்கள். அங்கே எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் லாக்புக்கில் பூஜ்யம்தான்.

சரி, 500 மணி நேரமும் ஒழுங்காகக் கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். வளைகுடாவில் வேலை உறுதியா? அங்கே வரும் ஃபர்ஸ்ட் ஆபீசர் விளம்பரம் ஒன்றை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். முதல் வரியில் மொத்த மணி நேரம் இருக்கும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் மகிழ்கிறார்கள், அல்லது சோர்ந்து போகிறார்கள். உண்மையான வடிகட்டி அதற்குக் கீழே. இரண்டு பைலட் ஓட்டும் ஜெட்டில் எத்தனை மணி நேரம் என்று கேட்டிருப்பார்கள். பெரும்பாலும் ஆயிரங்களில் இருக்கும். சிறிய செஸ்னாவில் பறந்தது அதில் சேராது. விமானம் இத்தனை டன்னுக்கு மேல் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வரும். கடைசியாக எப்போது பறந்தீர்கள் என்று கேட்பார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ தாண்டியிருந்தால் விண்ணப்பத்தை கம்ப்யூட்டரே தள்ளிவிடும். ஏடிபிஎல், அதாவது கேப்டனாவதற்குத் தேவையான மேல்நிலை லைசென்ஸ், இருக்கிறதா என்று கேட்பார்கள். இந்தியாவில் அதற்கு 1,500 மணி நேரம் வேண்டும். விபத்து, சம்பவம் ஏதாவது உண்டா என்ற கேள்வி தனியாக இருக்கும். ஆங்கிலத் தகுதி குறைந்தது நான்காம் நிலை. 710 மணி நேரத்தோடு அந்தப் பக்கத்தை நிரப்பிப் பாருங்கள், எந்த வரியில் நின்றுபோகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சித்தப்பா மகன் சொல்லும் ஐரோப்பிய லைசென்ஸ் பொய்யில்லை. மதிப்புள்ள லைசென்ஸ்தான். ஆனால் இந்திய லைசென்ஸை அதற்கு மாற்ற நீங்கள் 13 ஏடிபிஎல் எழுத்துத் தேர்வுகளையும் எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் 75 சதவீதம். இங்கே எழுதிய பாடங்களுக்குச் சலுகை கிடையாது. அப்புறம் அவர்களுடைய மருத்துவம், பறத்தல் சோதனை. படிப்பில் கெட்டிக்காரர் என்றால் முடித்துவிடலாம். முடித்த பிறகு? ரயன்ஏர் போன்ற நிறுவனங்களின் விண்ணப்பத்தில் ஐரோப்பாவில் வசித்து வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்ற கேள்வி வரும். லைசென்ஸை மாற்றிவிட்டீர்கள், பாஸ்போர்ட்டை யார் மாற்றுவது? பிரிட்டன் 2020 முடிவோடு ஐரோப்பிய அமைப்பிலிருந்து வெளியேறிவிட்டதால் அதற்கு வேறு லைசென்ஸ். பத்து வருடம் முன்பு சொன்ன ஆலோசனையை உறவினர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்கா பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் யாராவது சொல்லுவார்கள். 2009இல் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் வந்த சட்டத்தால் 2013 முதல் அங்கே ஏர்லைன்ஸில் துணை பைலட்டாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். (விழுந்த விமானத்தின் இரு பைலட்டுகளுக்கும் அதைவிட அதிக அனுபவம் இருந்தது என்பது வேறு கதை.) கிரீன் கார்டு இல்லாமல் அந்தப் பக்கம் யோசிக்க வேண்டாம். கனடாவில் நிரந்தர வசிப்புரிமை கிடைத்துவிட்டால் கதை மாறும். அங்கே வடக்கே போய் விமான நிலையத்தில் மூட்டை தூக்கி, பிறகு சின்ன விமானத்தில் ஏறும் வழி ஒன்று உண்டு. குளிர் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே உங்களுக்கு வெளிநாட்டு வழி இந்தியாவுக்குள்ளேதான் தொடங்குகிறது. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ 500 ஏ320 குடும்ப விமானங்களுக்கு ஆர்டர் போட்டது. அவை ஒரே நாளில் வந்து இறங்காது, ஆனால் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டஜன் பைலட்டாவது தேவைப்படும். நிறுவனங்கள் சில சமயம் டைப் ரேட்டிங் இருப்பவர்களை மட்டும் கூப்பிடும், சில சமயம் இல்லாதவர்களை எடுத்து பாண்டு எழுதி வாங்கிக்கொண்டு தாங்களே பயிற்சி தரும். சொந்தக் காசில் டைப் ரேட்டிங் செய்வதை, எந்த விமானத்துக்கு எந்த நிறுவனம் ஆள் எடுக்கிறது என்று தெரியும்வரை தள்ளிப்போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிம்முலேட்டரில் போய்ச் சோதனை முடித்துப் புதுப்பிக்காவிட்டால் அது வெறும் தாள்.

ஒன்றரை வருடமாக நீங்கள் பறக்கவே இல்லையா? கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கவலை. ஏஜென்சிக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பகுதியை வைத்து மல்டி எஞ்சின், இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்கை (ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின் உள்ள விமானத்தை ஓட்டவும், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டவும் உள்ள தகுதிகள்) புதுப்பியுங்கள். கிளாஸ் 1 மருத்துவச் சான்று ஒரு நாள்கூடக் காலாவதி ஆகவிடாதீர்கள். டிஜிசிஏவின் ஏடிபிஎல் தேர்வுகளை இப்போதே எழுதி முடியுங்கள், வேலைக்குச் சேர்ந்த பிறகு ரோஸ்டர் (வேலை அட்டவணை) விடாது. முடிந்தால் உதவிப் பயிற்சியாளர் ரேட்டிங் எடுத்து ஏதாவது பறக்கும் பள்ளியில் சேருங்கள். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. ஆனால் மாணவன் ஒருவன் ஒவ்வொரு நாளும் புதுவிதமாகத் தப்பு செய்வதை வலது இருக்கையிலிருந்து சமாளிப்பதைப் போன்ற பயிற்சி வேறில்லை, மணி நேரமும் சேரும்.

ஏர்லைன்ஸில் சேர்ந்துவிட்டால் வருடத்துக்கு எழுநூறு, எண்ணூறு மணி நேரம் பறப்பீர்கள். 1,500ஐத் தொட இரண்டு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். இன்னும் இரண்டு மூன்று வருடம் சேர்ந்தால் வளைகுடா விளம்பரத்தின் எல்லா வரியும் நிரம்பும். முப்பது வயதுக்குள் நடந்துவிடக்கூடிய காரியம்.

அப்போது வரும் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், நம்மவர்கள் தடுமாறுவது அங்கேதான். சிம்முலேட்டரில் முன்பின் தெரியாத இன்னொரு விண்ணப்பதாரரோடு ஜோடி போட்டு உட்கார வைப்பார்கள். ஆட்டோபைலட் கிடையாது, பெரும்பாலும் ஃப்ளைட் டைரக்டரும் (எப்படித் திருப்ப வேண்டும் என்று திரையில் காட்டும் வசதி) கிடையாது. வெறும் கோணமும் எஞ்சின் அளவும் எழுதிய ஒரு தாள் கையில் இருக்கும். டேக் ஆஃப், ஹோல்டிங் (வானில் சுற்றிக் காத்திருப்பது), ஐஎல்எஸ் (ரேடியோ வழிகாட்டலில் இறங்குவது), கோ அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலேறுவது), நடுவில் ஒரு எஞ்சின் நின்றுபோகும். இங்கே ஏறியதும் ஆட்டோபைலட்டைப் போட்டுப் பழகியவர்களுக்கு முதல் பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும். ஆகவே ஏர்லைன்ஸில் பறக்கும்போது, வானிலை நன்றாக இருந்து நிறுவனமும் கேப்டனும் அனுமதித்தால், கையால் ஓட்டிப் பாருங்கள்.

ஆனால் கருவியின் ஊசி நடுவில் நிற்கவில்லை என்பதற்காக ஆளைத் தள்ளுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. பேசாமல் இருந்ததற்காகத் தள்ளுவதைத்தான் பார்த்திருக்கிறேன். எஞ்சின் போகிறது. நம்மவர் பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகப் போராடுவார். பக்கத்தில் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனிடம் "செக்லிஸ்ட் படி", "கண்ட்ரோல் டவரிடம் சொல்லு, நான் ஓட்டுகிறேன்", "எந்த ஏர்போர்ட்டுக்குப் போகலாம், நீ என்ன நினைக்கிறாய்" என்று கேட்டாலே பாதி மதிப்பெண் வந்துவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு. ஜோடிக்காரர் வயதில் மூத்தவராக இருந்துவிட்டால், அவர் தவறான உயரத்தை செட் செய்வதைப் பார்த்துக்கொண்டே மரியாதைக்காகச் சும்மா இருப்பது. "சார், உயரம் நாலாயிரம்தானே?" என்று கேட்க நாக்கு எழாது. வீட்டில் பெரியவர்களை எதிர்த்துப் பேசாமல் வளர்ந்தவர்களுக்கு இது சுலபமில்லை. இந்த ஒன்றை இங்கே ஃபர்ஸ்ட் ஆபீசராக இருக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள். ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், திருச்சி ஆங்கிலம் போதும். நிறுத்தி, தெளிவாக, விதிப்படியான சொற்களில் பேசினால் சரி.

கிளம்பும்போது ஒரு சிக்கல் உண்டு. 2017இல் டிஜிசிஏ போட்ட விதிப்படி கேப்டன் விலக ஒரு வருடமும், துணை பைலட் ஆறு மாதமும் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இது தெரியும், காத்திருப்பார்கள். பாண்டுப் பணம் மீதி இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள். நோட்டீஸைக் கொடுக்காமல் ஓடிப்போனவர்கள், லைசென்ஸ் சரிபார்ப்பு, பழைய நிறுவனத்தின் சான்று என்று ஒவ்வொரு காகிதத்துக்கும் பழைய வாசலில் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

போன பிறகும் வேலை கல்லில் எழுதியது இல்லை. 2010களில் சீன ஏர்லைன்ஸ்கள் வெளிநாட்டு கேப்டன்களுக்குக் கொட்டிக் கொடுத்தன. கொரோனா வந்ததும் அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் காணாமல் போனார்கள். 2020இல் எமிரேட்ஸ் உட்பட வளைகுடா நிறுவனங்களும் பைலட்டுகளை நீக்கின. அங்கே வேலை போனால் விசா போகும், விசா போனால் வீடும் பிள்ளைகளின் பள்ளியும் போகும். வருமான வரி இல்லாத சம்பளம் என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். உள்ளூரிலும் இந்த ஆபத்து இருக்கிறது, 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றுபோனது. ஆனால் அன்றைக்கு அனுபவம் கையில் இருந்தவர்கள் வேறு நிறுவனங்களிலும் வெளிநாட்டிலும் போய்ச் சேர முடிந்தது.

கடைசியாக அந்த ஐம்பதாயிரம். ஏஜென்சிக்கு போன் செய்யாதீர்கள், மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்த ஏர்லைன்ஸ், வேலை அனுமதி யார் பெயரில், மாதச் சம்பளம் எவ்வளவு, லைசென்ஸை ஏற்கும் ஆணையம் எது, 500 மணி நேரத்துக்குப் பிறகு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1983ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி பதிவு வேண்டும், அந்தப் பதிவு எண்ணையும் கேளுங்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அது இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே. "நாங்கள் பயிற்சி நிறுவனம், ஏஜென்ட் இல்லை" என்று பதில் வரலாம். அப்படியானால் வேலை உறுதி என்று அவர்கள் சொன்னதை எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்கள். அதையே காரணமாகக் காட்டி முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இழுத்தடித்தால் சென்னையில் உள்ள குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தில், ரசீதும் மின்னஞ்சல் நகலும் இணைத்துப் புகார் கொடுங்கள். ரசீது வாங்கியிருக்கிறீர்கள்தானே? இல்லையென்றால் பணம் போன வங்கிக் கணக்கு விவரமாவது எடுத்து வையுங்கள்.